ஹைதராபாத்: முதலில் கல்லறைகள், பிறகு அரண்மனைகள்

ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்குச் செல்பவர்களில் பலர் 1591இல் கட்டப்பட்ட சார்மினாரில் ஏறிப் பார்த்து, லாட் பஜாரில் வளையல் வாங்கி, மிச்சமிருக்கும் நேரத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தை ஓட்டமும் நடையுமாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அப்படிப் பார்க்கையில் மசூதியும் அரண்மனையும் அருங்காட்சியகமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களாகவே மனத்தில் பதியும். என் அனுபவத்தில், மெக்கா மசூதியின் கல்லறைகளைப் பார்த்த பிறகு மற்ற இடங்களுக்குச் செல்வதே சரியான வரிசை.

கோல்கொண்டா சுல்தான் முகம்மது குதுப் ஷாவின் காலத்தில் தொடங்கப்பட்ட இந்த மசூதி, அந்த அரசே வீழ்ந்த பின் ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1694இல்தான் நிறைவுபெற்றது. தொழுகைக் கூடத்தின் கருங்கல் தூண்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பலரும் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், முற்றத்தின் தெற்குப் பக்கத்தில் கூரை வேய்ந்த ஒரு நீண்ட மண்டபத்தில், பின்னாளில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம்களின் பளிங்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே அமர்ந்திருந்த ஒரு பெரியவர், நான் பெயர்ப் பலகையைத் தேடி விழிப்பதைக் கண்டு எழுந்து வந்து, இரண்டாம் நிஜாமான நிஜாம் அலி கானில் தொடங்கி ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் வரை ஐந்து பேரையும் தம் கைத்தடியால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார். முதலாமவர் மகாராஷ்டிரத்தின் குல்தாபாத்தில் ஔரங்கசீப்பின் சமாதிக்கு அருகில் இருக்கிறார் என்றும் சொன்னார். "ஏழாமவர்?" என்று கேட்டேன். "அவர் இங்கே இல்லை, கிங் கோட்டிக்குப் போங்கள், தாயாரின் பக்கத்தில் இருக்கிறார்" என்றார். அந்தப் பெயர்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு பார்த்த இடமெல்லாம் அந்தக் குறிப்பு கைகொடுத்தது.

சிறிது தூரத்தில் உள்ள சௌமஹல்லா அரண்மனையின் கட்டுமானம் 1750இல் தொடங்கி, ஐந்தாம் நிஜாம் அஃப்சல் உத் தௌலாவின் காலத்தில் முடிந்தது. மசூதியில் அவருடைய கல்லறையைப் பார்த்துவிட்டு வந்ததால், தெற்கு முற்றத்தில் உள்ள அஃப்சல் மஹல் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தர்பார் மண்டபமான கில்வத்தில் 19 பெல்ஜியம் சரவிளக்குகள் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே நின்று படமெடுக்கும் கூட்டத்தில் சிக்காமல், ஓரத்துத் தூண்களின் மேற்பகுதியில் உள்ள சுண்ணச் சாந்து வேலைப்பாட்டைப் பார்ப்பது நல்லது. இலையும் பூவும் இன்னமும் விளிம்பு மழுங்காமல் இருக்கின்றன. கார்கள் வைக்கப்பட்டுள்ள பகுதியில் ஒரு மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் உண்டு. ஆறாம் நிஜாம் செய்யச் சொன்ன அந்தக் கார், 1911இல் அவர் இறந்த பின்னரே வந்து சேர்ந்தது.

அந்த ஆறாம் நிஜாமை நெருங்கி அறியப் புரானி ஹவேலி அரண்மனைக்குப் போக வேண்டும். இங்குள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில் ஏழாம் நிஜாமின் வெள்ளி விழாவுக்கு வந்த பரிசுகள் இருக்கின்றன. நகரத்துக் கட்டடங்களின் வெள்ளி மாதிரிகளும் அவற்றில் அடக்கம். 2018 செப்டம்பரில் இங்கிருந்து ஒரு தங்க டிபன் கேரியர் திருடுபோய், சில நாட்களிலேயே மீட்கப்பட்டது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது மஹ்பூப் அலி கானின் உடை அறைதான். ஏறத்தாழ 176 அடி நீளத்துக்கு இருபுறமும் பர்மா தேக்கு அலமாரிகள் இரண்டு அடுக்குகளாக நிற்கின்றன. மேல் அடுக்குக்குச் செல்லக் கையால் இயக்கும் மர லிஃப்ட் ஒன்றும் உண்டு. ஒருமுறை உடுத்திய உடையை அவர் மறுமுறை தொடமாட்டார் என்ற கதையை அங்கிருந்த ஊழியர் மிகுந்த பெருமையுடன் சொன்னார். கதை எப்படியோ, அந்த நீளத்தை நடந்து கடக்கும்போது அதை நம்பத்தான் தோன்றுகிறது.

சாலார் ஜங் அருங்காட்சியகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். நிஜாம்களின் திவான்களாக, அதாவது முதன்மை அமைச்சர்களாக, இருந்த குடும்பத்தின் சேகரிப்பு இது. பெரும்பகுதியைத் திரட்டியவர் 1949இல் மறைந்த மூன்றாம் சாலார் ஜங். எனினும், எல்லோரும் தேடிச் செல்லும் முகத்திரையிட்ட ரெபெக்கா சிலையை 1876இல் ரோமில் வாங்கியவர் முதலாம் சாலார் ஜங். அப்போது ஆறாம் நிஜாம் பத்து வயதுச் சிறுவர். அரசின் நிர்வாகம் இந்தத் திவானின் பொறுப்பில் இருந்தது. மணிக்கொரு முறை சிறிய பொம்மை மனிதர் வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரத்தின் முன்னால் பெருங்கூட்டம் காத்திருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அதைவிட, ஒரே மரத்தில் முன்புறம் கெதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்துச் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸும் பின்புறம் அதன் நாயகி மார்கரெட்டாவும் செதுக்கப்பட்ட சிலைக்குக் கூடுதல் நேரம் தரலாம். முன்னால் நிமிர்ந்த தலையும் ஏளனச் சிரிப்புமாக ஒருவன். பின்னால் உள்ள கண்ணாடியில் தெரிபவளோ தலை குனிந்த பெண். நின்றவர்களை "கண்ணாடியைப் பாருங்கள், கண்ணாடியை" என்று அங்கிருந்த காவலர் சலிக்காமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லாவிட்டால் பாதிப்பேர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

நேரம் இருப்பவர்கள் கார்வானில் உள்ள டோலி மசூதியையும் சேர்த்துக்கொள்ளலாம். மெக்கா மசூதியின் கட்டுமானத்தில் செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தம்ரி (மிகச் சிறிய செப்புக் காசு) வீதம் தரகு பெற்ற அதிகாரி மூசா கான், அந்தப் பணத்தைக் கொண்டு 1671இல் இதைக் கட்டினார் என்பது ஊர்க்கதை. அளவில் சிறியதாயினும் சுவர் வேலைப்பாட்டில் மெக்கா மசூதியை மிஞ்சிவிடுகிறது.

வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சௌமஹல்லா, நிஜாம் அருங்காட்சியகம், சாலார் ஜங் ஆகிய மூன்றுக்கும் அன்றுதான் விடுமுறை. மெக்கா மசூதியிலும் ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டம் நிரம்பி வழியும். மற்ற நாட்களிலும் தொழுகை வேளைகளை விலக்கி, தோளும் காலும் மறையும் உடையில் செல்வது முறை. கிங் கோட்டியில் கேட்க வேண்டிய பெயர் ஜூதி மசூதி. 1967இல் மறைந்த ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.