புதுப்பிப்பு: பாரதக் கூத்து இரவு வரிசையில் ஒரு திருத்தம்

திரௌபதி அம்மன் திருவிழாவில் மகாபாரதக் கதையைக் கூத்தாக ஆடுவதற்கு நான் முன்பு போட்ட பத்து இரவு வரிசையில் அர்ச்சுனன் தபசையும் (அர்ச்சுனன் சிவனை நோக்கித் தவம் செய்யும் பகுதி) இரவுக் கணக்கில் சேர்த்தது தப்பு. அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் என்னும் உயரக் கம்பத்தில் ஏறுவது பகலில். முந்தின ராத்திரி பகடைத் துகிலில் (சூதாட்டம், திரௌபதி துகிலுரிதல் கூத்து) விடிய விடிய ஆடியவரையே ஏற்றாதீர்கள், கால் நடுங்கும். வேறு வேஷக்காரர் வேண்டும்.

மரத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கணும். மழை பெய்திருந்தால் அடிமண் இளகியிருக்கும், மறுபடி கெட்டிக்கணும்.

கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகிய இரவுக் கூத்துகள் மாறவில்லை. போர் முடிந்து விடிந்ததும் படுகளம், அதாவது மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் வேஷக்காரர் அடிக்கும் சடங்கு. துரியோதனன் மண்ணுருவை முன்கூட்டியே போட்டால் வெயிலில் வெடிக்கும், ஈரச்சாக்கு மூடுங்கள். தொடையில் புதைக்கும் குங்குமத் தண்ணீர்க் கலயத்தை மட்டும் கடைசியில் வையுங்கள். முன்பே வைத்தால் கசிந்துவிடும், பீமன் அடிக்கும்போது ரத்தமே வராது!