செட்டிநாட்டு வீட்டைப் படப்பிடிப்புக்கு விடலாமா? பங்காளிகள் கூட்டத்துக்கு முன் ஒரு கேள்வி

கடைக்குட்டிப்பங்காளி:
காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா காலத்து வீடு. இப்போது 11 புள்ளிக்கு, அதாவது 11 பங்குக் குடும்பத்துக்குச் சொந்தம். ஒருவர் சிங்கப்பூர், இருவர் பெங்களூர், மற்றவர்கள் சென்னையும் கோவையும். ஊரில் ஒருவரும் இல்லை. காவல்காரரும் அவர் மனைவியும் காலையில் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிப் பூட்டுவதோடு சரி. போன வாரம் ஒரு சினிமா கம்பெனியிலிருந்து ஆள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 12 நாள் வேண்டும், நாளுக்கு 40,000 என்கிறார். மேற்குப் பக்கம் ஓடு சரிந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஓடும் மரமும் மாற்ற ஆசாரி சொன்ன கணக்கு 6 லட்சத்தைத் தாண்டுகிறது. பங்காளிகளிடம் கேட்டால் எல்லோரும் "பார்க்கலாம்" என்பதில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். பெரியப்பா ஒருவர் மட்டும் "படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற சடங்கு) நடக்கிற வீட்டில் கூத்தடிக்கவா?" என்று போனிலேயே கத்தினார். அடுத்த ஞாயிறு கூட்டம். கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், படம் எடுப்பவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

மூன்றாம்கட்டு_ஆச்சி:
கொடுக்காதே தம்பி. நாங்கள் கொடுத்தோம். 5 நாள் என்றார்கள், 9 நாள் ஆனது. கூடுதல் 4 நாளுக்குப் பணம் கேட்டால் "படம் ரிலீஸ் ஆகட்டும் ஆச்சி" என்றார்கள். படமும் வரவில்லை, பணமும் வரவில்லை.

பணம் போனால் போகட்டும். வளவில், அதான் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், அங்கே இருக்கும் தேக்குத் தூணில் ஏதோ துணி கட்டுவதற்கு ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண்ணினேன். ஒரே தூணில் 41 பின். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம் அப்பா அது. கடைசி நாள் பூசணிக்காய் உடைப்பார்கள் இல்லையா, அன்றைக்கு மழை. தெருவில் உடைக்க வேண்டியதை முகப்பிலேயே உடைத்துவிட்டார்கள். உள்ளே திணித்திருந்த குங்குமம் மழைத்தண்ணீரோடு ஆத்தங்குடிக் கல்லில் இறங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தோம், எலுமிச்சம்பழம் தேய்த்தோம். மூன்று கல் இன்னும் ரோஸாகத்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக்காரி:
ஆச்சி, இனிமேல் எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள்! ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடியின் மேல் வர்ணச் சாந்தை ஊற்றிச் செய்கிற சிமென்ட் கல். சூளையில் சுடுவது கிடையாது. புளிப்புப் பட்டால் மேல்பரப்பு அரித்துப்போகும், அப்புறம் கறை இன்னும் சுலபமாகப் பிடிக்கும்.

நான் பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் வேலையில் இருக்கிறேன். தரையை விட எனக்குச் சுவரைப் பற்றித்தான் பயம். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காயும், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளையும் சேர்த்து வழுவழுவென்று தேய்த்த சுவர் அது. ஆர்ட் டிபார்ட்மென்ட் வந்து "சீனுக்குக் கொஞ்சம் நீலம் வேண்டும்" என்று எமல்ஷன் அடித்துவிட்டுப் போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பிளாஸ்டிக் பெயின்ட் அதன் வாயை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, இரண்டு வருடத்தில் பூச்சோடு சேர்ந்து உரிந்து விழும். அதற்குள் படம் டிவியில் நான்கு முறை ஓடியிருக்கும், யாரைப் போய்க் கேட்பது? நான் பெரியப்பா கட்சி.

லொக்கேஷன்தம்பி:
14 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். ஆச்சி சொல்வது நியாயம், அந்தப் பூசணிக்காய்க்கு நான் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒரு கம்பெனி செய்ததை வைத்து எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

முதலில் நாங்கள் எப்படி வீடு தேடுகிறோம் என்று சொல்கிறேன். டைரக்டர் "நடுவில் வெளிச்சம் விழுகிற வீடு" என்பார். நாங்கள் 30 வீடு பார்ப்போம். அழகு எங்களுக்கு ஐந்தாவது விஷயம். ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து கேபிள் எட்டுமா, பக்கத்தில் ரைஸ் மில்லோ கோயில் ஒலிபெருக்கியோ இருக்கிறதா, காலை 9 மணி வெயில் எந்தத் தூணில் விழுகிறது, கேரவன் திரும்ப இடம் உண்டா, 120 பேருக்குக் கழிப்பறைக்கு என்ன வழி. செட்டிநாட்டு வீட்டில் 50 அறை இருக்கும், கழிப்பறை தோட்டத்துக் கடைசியில் ஒன்றோ இரண்டோ. இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கிற மேனேஜரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அவன் உங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை, கூகுளில் போட்டோ பார்த்திருக்கிறான்.

அப்புறம் சுண்ணாம்புக்காரி மேடத்துக்கு ஒரு கேள்வி. ஓடு சரிந்து மழை இறங்கினால் அந்தச் சுவர் என்ன ஆகும்? எமல்ஷன் இல்லாமலே விழும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். கதவு, நிலை, தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, எல்லாம் கடை கடையாகக் கிடக்கிறது. அதெல்லாம் படப்பிடிப்புக்குக் கொடுத்த வீடுகளிலிருந்தா வந்தது? பூட்டியே கிடந்து, பங்காளிகள் "பார்க்கலாம்" சொல்லிச் சொல்லிப் பிரித்து விற்ற வீடுகள் அவை.

சுண்ணாம்புக்காரி:
முனீஸ்வரன் கோயில் தெரு விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. அதனால் ஒரு வீட்டுக்கும் ஓர் ஓடு வரவில்லை என்பதும் தெரியும். ஆனால் படப்பிடிப்புப் பணம் ஓட்டுக்குத்தான் போகும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 4,80,000ஐ 11 ஆகப் பிரித்தால் தலைக்கு 43,000 சொச்சம். ஆளுக்கு ஒரு போன் வாங்குவார்கள்.

கடைக்குட்டிப்பங்காளி:
என் சின்ன அண்ணன் நேற்றே மாடல் பார்த்துவிட்டான்.

எதிர்வீட்டுத்திண்ணை:
வீட்டுக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதே மாதிரி ஒரு பெரிய வீட்டுக்கு எதிரில் ஓட்டு வீட்டில் இருப்பவன் நான். எங்கள் தெருவில் மூன்று படம் எடுத்தாகிவிட்டது. வாடகை வாங்கியவர் சென்னையில் இருக்கிறார். ராத்திரி ஜெனரேட்டர் சத்தம் எனக்கு. 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். 11 மணிக்கு "சைலன்ஸ்!" என்று மைக்கில் கத்துகிறவருக்கு அதை யார் சொல்வது? என் அம்மா ஊருணிக்குப் போனால் "ஃப்ரேம்ல வராதீங்கம்மா" என்று நிறுத்துகிறான். அவள் பிறந்ததிலிருந்து அந்த ஊருணியில்தான் தண்ணீர் எடுத்தாள்.

வீட்டைக் கொடுப்பது உங்கள் இஷ்டம். தெருவை யார் கொடுத்தது?

லொக்கேஷன்தம்பி:
தெருவுக்குப் போலீஸ் அனுமதி வாங்குகிறோம் அண்ணே. ஊருணி என்றால் பஞ்சாயத்திலும் கேட்கிறோம். தெருவில் இருக்கிறவர்களுக்கும் ஏதாவது செய்துவிடுவோம்.

எதிர்வீட்டுத்திண்ணை:
ஏதாவது என்றால்? எனக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். நான் சைவம்.

டீக்கடைபெஞ்ச்:
ஹாஹா. எதுக்கு இவ்வளவு வம்பு, செட் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் எல்லாம் ஸ்டூடியோவுக்குள்தானே எடுத்தார்கள்? கிராமம், அரண்மனை, மாட்டுக்கொட்டகை எல்லாம் கோடம்பாக்கத்துக்குள்.

லொக்கேஷன்தம்பி:
1977இல் '16 வயதினிலே' வந்து கேமராவை வெளியே இழுத்துப் போனதிலிருந்து ஜனங்கள் நிஜ மண்ணைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். வாகினி தளங்கள் இருந்த இடத்தில் இப்போது வடபழனியில் மால் இருக்கிறது. செட் போடலாம், போடுகிறோம். ஆனால் பட்ஜெட் இல்லாத செட்டில் ஆத்தங்குடிக் கல்லை ஃப்ளெக்ஸில் பிரின்ட் எடுத்துத் தரையில் ஒட்டுவார்கள். ஹீரோயின் ஓடி வரும்போது ஓரம் சுருளும். அதை நீங்களே மீம் போடுவீர்கள்.

மலைச்சாரல்:
கொடைக்கானல்காரன் பேசுகிறேன். எதிர்வீட்டு அண்ணன் சொல்வதுதான் நிஜமான பிரச்சினை. வெள்ளைக்காரன் 'டெவில்ஸ் கிச்சன்' என்று சொன்ன குகையை இன்று யாருக்காவது அந்தப் பெயரில் தெரியுமா? 1991இல் ஒரு படம் எடுத்தார்கள், அது குணா குகை ஆகிவிட்டது. 2024இல் அந்தக் குகையை வைத்தே ஒரு மலையாளப் படம் வந்தது, கூட்டம் இன்னும் கூடிவிட்டது. யூனிட் ஒரு மாதத்தில் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் 30 வருடம் வந்துகொண்டே இருப்பான்.

லொக்கேஷன்தம்பி:
குகைக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு சார். வீட்டுக்குக் கதவு இருக்கிறது.

மூன்றாம்கட்டு_ஆச்சி:
கதவா? படம் வராமலே எங்கள் வீட்டுக்கு செல்ஃபி எடுக்க வருகிறார்கள் தம்பி. "எந்தத் தூண் ஆச்சி?" என்று கேட்கிறார்கள். 41 பின் உள்ள தூண் என்று காட்டுகிறேன்.

முத்திரைத்தாள்:
எல்லோரும் பூசணிக்காயிலேயே நிற்கிறீர்கள். கேள்வி கேட்டவரின் முதல் சிக்கல் வேறு. 11 பேருக்குப் பொதுவான, பாகம் பிரிக்காத வீடு. ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு 12 நாள் விட்டால், சிங்கப்பூர்க்காரர் ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே யூனிட் நடுத்தெருவில் நிற்கும். வெளியூரில் இருப்பவர்களிடம் அதிகாரப் பத்திரம் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவது பின்னால் வாய்ச்சண்டைக்குத்தான் உதவும்.

ஒப்பந்தத்தில் 'வாடகை' என்று எழுதாமல், குறிப்பிட்ட நாட்களுக்குக் குறிப்பிட்ட பகுதிகளைப் பயன்படுத்த அனுமதி என்று எழுதுங்கள். சாவி உங்கள் ஆளிடமே இருக்கட்டும். எந்தெந்த அறை, எத்தனை மணி வரை, எத்தனை பேர், கூடுதல் நாளுக்கு எவ்வளவு, அந்தக் கூடுதல் பணம் அன்று காலையே வர வேண்டும் என்பது வரை எழுத்தில் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் ஒரு பல்பு கூடப் போட விடாதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் மாட்டப்போவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

சுண்ணாம்புக்காரி அம்மா கேட்டதற்கும் வழி உண்டு. பணம் 11 பேர் கணக்குக்கும் போக வேண்டியதில்லை. கூட்டாக ஒரு கணக்கு தொடங்கி அதில் வாங்குங்கள். ஆசாரிக்கு அதிலிருந்தே நேராகக் கொடுங்கள்.

சுண்ணாம்புக்காரி:
இப்படி எழுதினால் நான் பாதி வழி வருகிறேன். கூடவே இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்: சுவரில் பெயின்ட், ஆணி, டேப் எதுவும் கூடாது. நீலம் வேண்டுமென்றால் மரச்சட்டம் அடித்துத் துணியோ பிளையோ முன்னால் நிறுத்திக்கொள்ளட்டும். டிராலி தண்டவாளத்துக்குக் கீழே ரப்பர் பாய், அதன் மேல் பிளைவுட். யூனிட் வருவதற்கு முதல் நாள் ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு கல்லையும் தேதியோடு போட்டோ எடுங்கள்.

லொக்கேஷன்தம்பி:
இதெல்லாம் நல்ல கம்பெனி ஒத்துக்கொள்ளும். நான் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். ஆர்ட் ஆட்கள் படப்பிடிப்புக்கு ஒரு நாள் முன்னால் வருவார்கள், முடிந்ததும் பழையபடி வைக்க ஒரு நாள் இருப்பார்கள். அந்த இரண்டு நாளுக்குப் பாதி ரேட் கேளுங்கள். பலருக்கு இது கேட்கவே தெரியாது. (நான் சொன்னேன் என்று வெளியே சொல்லாதீர்கள், எனக்குச் சோறு போடுகிற தொழில்.)

எதிர்வீட்டுத்திண்ணை:
தெருவுக்கு?

முத்திரைத்தாள்:
ராத்திரி 9 மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும், ஊருணிப் பாதையை மறிக்கக் கூடாது என்று வீட்டுக்காரரே தன் ஒப்பந்தத்தில் எழுத முடியும். எழுதுவாரா என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

கடைக்குட்டிப்பங்காளி:
எழுதுகிறேன் அண்ணே. ஊரில் இல்லாததால் தெருவை நினைக்கவே இல்லை, தப்புதான்.

கடைக்குட்டிப்பங்காளி (அடுத்த திங்கள்):
கூட்டம் முடிந்தது. 9 பேர் சரி என்றார்கள். சிங்கப்பூர் அண்ணன் "பெரியவர் சொன்னால் சரி" என்று ஒதுங்கிவிட்டார். கூட்டுக் கணக்குக்கும் ஒத்துக்கொண்டார்கள், சின்ன அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பெரியப்பா கடைசி வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னார்: முகப்பும் பட்டாலைக் கூடமும் மாடியும் எடுத்துக்கொள்ளட்டும், வளவில் கால் வைக்கக் கூடாது. எங்கள் அப்பத்தாவைக் கடைசியாகக் கிடத்தியிருந்தது அங்கேதான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை, நானும்தான்.

மேனேஜரிடம் நிபந்தனைகளை எல்லாம் சொன்னேன். பாய், பிளைவுட், 9 மணி, ஊருணிப் பாதை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வளவு இல்லை என்றதும் "அப்ப வெளிச்சத்துக்கு எங்கே போறது சார்?" என்றார். நேற்று வேறு ஊரில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம்.

மூன்றாம்கட்டு_ஆச்சி:
போனால் போகட்டும் தம்பி.

லொக்கேஷன்தம்பி:
வருத்தம்தான். ஆனால் உங்கள் பெரியப்பாவோடு என்னால் சண்டை போட முடியாது. முகப்பு மட்டும் போதும் என்று விளம்பரப்பட ஆட்கள் வருவார்கள், இரண்டு நாள் வேலை. கேட்டால் உங்கள் வீட்டைச் சொல்லட்டுமா?

கடைக்குட்டிப்பங்காளி:
சொல்லுங்கள். அதுவரைக்கும் மேற்குப் பக்கத்துக்குத் தார்ப்பாய் வாங்கியிருக்கிறேன். ஐப்பசி வருவதற்குள் நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த ஆள் யாராவது தேவகோட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் ஆசாரிக்கு முழங்கால் வலி, கூரை ஏற மாட்டேன் என்கிறார்.

எதிர்வீட்டுத்திண்ணை:
என் மச்சான் செய்வான். தனிச்செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.