கல்ஃபில் நாம் பேசிய 'மாஃபி' அரபி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ரியாத்தில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக். ஊர் திரும்பிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அங்கே வேலைக்குப் போனவர்கள் பேசும் அரைகுறை அரபி எல்லாம் வாயைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேலூர் போனபோது சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டில் ஒரு டீக்கடை. அந்தத் தெருவைப் பற்றித் தெரியும்தானே, போர்டே பாதி பெங்காலியில் இருக்கும், லாட்ஜ்காரப் பையன்கள் நம்மைவிட நன்றாகப் பெங்காலி பேசுவார்கள். பக்கத்தில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், பங்களாதேஷ்காரர். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. போனில் யாரிடமோ பேசி முடிக்கும்போது "கலாஸ், கலாஸ்" என்றார், முடிந்தது என்று அர்த்தம். நான் திரும்பி "ஸதீக், இன்தா ஸவூதி ஃபி?" என்றேன், நண்பா, நீ ஸவூதியில் இருந்தாயா என்று. ஆள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தம்மாமில் பதினொரு வருடமாம்.

அப்புறம் அரை மணி நேரம். "மதாம் மால் அனா, கல்பு மாஃபி ஜேன்" என்றார், பெண்டாட்டிக்கு இதயத்தில் கோளாறு. "அமலியா பாதேன்", ஆபரேஷன் இனிமேல்தான். "ஃபுலூஸ் வாஜித்", செலவு தாங்கவில்லை. கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு குடியாத்தத்தான், ஒரு சில்ஹெட்காரர், வேலூர் டீக்கடையில் அரபியில் கஷ்டம் பேசுகிறோம். உண்மையான அரபிக்காரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

—

வாணியம்பாடி. எனக்கு நடந்தது தலைகீழ். வீட்டில் உருது, சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவன், எனக்கா அரபி தெரியாது என்ற திமிரோடு ஜித்தாவில் இறங்கினேன். முதல் நாள் பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், சுத்தமாக "உரீது மாஅன்" என்று தண்ணீர் கேட்டேன். கல்லாவில் இருந்த மலையாளி விழித்தார். பின்னால் நின்ற ஸவூதிக்காரர் சிரித்துக்கொண்டே "மோயா?" என்றார். அன்றைக்கு விட்டதுதான் என் இலக்கணம். ஒரே வாரத்தில் "மோயா ஃபி? பாரித் ஃபி?", தண்ணீர் இருக்கா, ஜில்லென்று இருக்கா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. டாக்ஸியில் 'நேராகப் போ' என்பதற்கு "ஸீதா, ஸீதா" என்பார்கள். அது நம் வீட்டு உருது! யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றே தெரியாத பாஷை அது. இன்னொன்றும் கவனித்தேன். முதலாளி என்னிடம் "இன்தா ரூஹ், ஸய்யாரா ஜீப்", நீ போ, வண்டி கொண்டுவா என்று இந்த உடைசல் அரபியில்தான் பேசுவார், மகனிடம் திரும்பிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நான் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

—

காட்பாடி பக்கம், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம் இருந்தவள். ஆம்பிளைகள் யாரும் இதைச் சொல்ல மாட்டீர்கள், அதனால் நான் சொல்கிறேன். எனக்கு அரபி கற்றுக்கொடுத்தது மேடம் ஒருத்திதான், அதுவும் ஏவியே கற்றுக்கொடுத்தது. அவள் என்னைப் பார்த்து "தாலி, ரூஹி, ஜீபி" என்பாள், வா, போ, கொண்டுவா. பெண்ணிடம் சொல்வதால் கடைசியில் அந்த 'இ' வரும் என்று எனக்கு என்ன தெரியும்? காய்கறி கொண்டுவரும் எகிப்துக்காரரிடம் நானும் "பஸல் ஜீபி" என்று வெங்காயம் கேட்டேன். அந்த ஆள் இடுப்பில் கைவைத்துப் பெண் மாதிரி நடந்து காட்டினான். மூன்று மாதமாக அவனைப் பெண்பாலில் கூப்பிட்டிருக்கிறேன்! எனக்கு அவமானமாகப் போய்விட்டது, அப்புறம் யோசித்தால் சிரிப்பு. நமக்கு யார் கட்டளை போடுகிறார்களோ அவர்கள் வாயில் வருவதுதானே நம் பாஷை.

—

ஆற்காடு. நான் அதிகம் கேட்டது "முக் மாஃபி". மூளை இல்லை. ஃபோர்மேன் நாளைக்கு நாலு தரம் சொல்வான். வேறு அனுபவம் கிடையாது.

—

அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், நான் மொழியியல் படிக்கிறேன். இதை உடைசல் என்று சொல்லாதீர்கள் அண்ணா. பொதுப் பாஷை இல்லாதவர்கள் பேசிக்கொள்ள உருவாகும் இந்த மாதிரி எளிய பாஷைக்குப் பிட்ஜின் என்று பெயர், கல்ஃப் பிட்ஜின் பற்றி ஸ்மார்ட் என்பவர் 1990லேயே கட்டுரை எழுதிவிட்டார். அக்கா சொன்ன 'ஜீபி' கதையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. லெபனானில் வீட்டு வேலை செய்யும் இலங்கைப் பெண்களின் அரபியை ஃபிதா பிஸ்ரி என்பவர் ஆராய்ந்து 'பிட்ஜின் மதாம்' என்று பெயரே வைத்தார், அங்கேயும் வினைச்சொல் எல்லாம் பெண்ணை ஏவும் வடிவத்தில்தான்.

அப்பா போனில் "தலிஃபோன் ஸவ்வி", "தன்ளீஃப் ஸவ்வி" என்பார். போன் பண்ணு, கிளீன் பண்ணு. நாம் எந்தச் சொல்லைப் பிடித்தாலும் ஒரு 'பண்ணு' ஒட்டி வினையாக்கிவிடுகிறோமே, அதே வேலையை அங்கே 'ஸவ்வி' செய்கிறது. இந்திக்காரர் 'கர்னா' என்ற கணக்கில் பிடித்துக்கொள்வார். 'ஃபி' என்றால் இருக்கு, 'மாஃபி' என்றால் இல்லை. நமக்கு ஒட்டாமல் இருக்குமா?

கென்யாவில், நைரோபியின் கிபேராப் பகுதியில் நூபி என்று ஒரு பாஷை, அதுவும் இப்படி அரபியிலிருந்து பிறந்ததுதான். சூடான் பக்கத்துச் சிப்பாய்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டதால் அவர்கள் பிள்ளைகளுக்கு அது தாய்மொழியாகிவிட்டது. நம் ஆட்கள் விசா முடிந்தால் விமானம் ஏற வேண்டும், அதனால் கல்ஃப் பிட்ஜின் பிள்ளைகளுக்குப் போவதில்லை. எனக்கே அப்பாவின் அந்தப் பாஷையில் 'கலாஸ்' தவிர ஒன்றும் பேச வராது.

—

குடியாத்தம் மறுபடியும். தம்பி, உடைசல் இல்லை என்கிறாய், சரி. ஆனால் அதில் காலம் கிடையாது. 'ரூஹ்' என்றால் போ, போனேன், போவேன், எல்லாம் அதுவே. அதில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

2009ல் அப்பா தவறிவிட்டார். விடியற்காலையில் போன் வந்தது. ஒப்பாரி வைத்து அழுது பழகிய ஊர்க்காரன் நான், கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த முதலாளி, முன்னால் நின்று சொன்னது நாலே வார்த்தை: "பாபா மால் அனா மௌத்." என் அப்பா செத்துப்போனார். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இன்தா ரூஹ்" என்றார். கையையும் ஆட்டினார். வேலை நேரத்தில் வந்து நிற்கிறேன் என்று விரட்டுகிறார் என்றுதான் பட்டது. வெளியே வந்து வேன் டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் புரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவரே வெளியே வந்து என் பாஸ்போர்ட்டை நீட்டினார். உள்ளே ஊர் போய்த் திரும்பி வருவதற்கான ரீஎன்ட்ரி விசா, மேலே டிக்கெட்.

"ரூஹ். மாமா ஷூஃப்."

அங்கே மாமா என்றால் அம்மா. ஒன்பது வருடத்தில் ஆயிரம் தரம் கேட்ட சொல்தான், அன்றைக்குப் பார்த்து உறைக்கவில்லை. எந்த மாமாவைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார், பேரணாம்பட்டு மாமாவையா, பெங்களூர் மாமாவையா என்று ஏர்போர்ட் போகும் வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.