புதுப்பிப்பு: நேமா 17 போதவில்லை

ஹட்டனில் வீட்டிலேயே செய்துவரும், கணினிக் கட்டளைப்படி செதுக்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார்களில் நேமா 17 என்ற சிறிய அளவு போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதவில்லை. பலா மரத்தில் பெயர்ப்பலகை செதுக்கியபோது மோட்டார் படிகளைத் தவறவிட, ‘ழ’வின் வால் அடுத்த எழுத்தின்மேல் ஏறிவிட்டது.

இப்போது மூன்று அச்சுகளுக்கும் அதைவிடப் பெரிய நேமா 23 மோட்டார்களையும், அவற்றுக்கு மின்னோட்டம் கொடுத்து இயக்கும் டிஎம்542 டிரைவர்களையும், 36 வோல்ட் பவர் சப்ளையையும் பொருத்தியுள்ளேன். நிற்கும்போது மோட்டார் தாங்கும் விசையை மட்டும் பார்த்து வாங்கியதே எனது முதற் பிழை; வேகம் கூடும்போது மோட்டார்ச் சுருளின் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை), மின்னோட்டம் ஏறுவதைத் தாமதப்படுத்தி முறுக்குவிசையைக் குறைத்துவிடுவதால், தூண்டல் குறைந்த மோட்டாரையும் கூடிய வோல்ட் அளவையும் சேர்த்தே தெரிவுசெய்ய வேண்டும்.

மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவர் ஒவ்வொரு படியையும் பிரிக்கும் 8 நுண்படி, அச்சை நகர்த்தும் திருகு ஒரு சுற்றில் முன்னேறும் 5 மில்லிமீற்றர் புரியிடை என்பதால் மில்லிமீற்றருக்கு 320 துடிப்புகள் என அமைத்தேன். மின்சாரம் இருக்கையில் மோட்டார் வயரைக் கழற்றி ஒரு டிரைவரை எரித்துக்கொண்டதையும் மறைப்பதற்கில்லை.

மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். மீண்டும் வரும்போது இந்த மோட்டார்களுக்குத் தாம் நின்ற இடம் தெரியாது. ஆகவே அடுத்ததாக, அச்சின் முனையைத் தொட்டதும் உணர்த்தி, இயந்திரம் தன் தொடக்க இடத்தை மீண்டும் கண்டறிய உதவும் லிமிட் சுவிட்சுகளைப் பொருத்துகிறேன்.