1999–2005 டூர் பட்டியல் காலியாகவே இருக்க வேண்டுமா?

கியர்பெட்டி:

பிரான்ஸோட மூணு வார சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பாருங்க. 1996 பியார்னே ரீஸ், 1997 யான் உல்ரிஷ், 1998 மார்கோ பன்டானி. அதுக்கப்புறம் ஏழு வருஷத்துக்கு யார் பெயரும் இல்ல. 1993 முதல் 1998 வரைக்கும், சிவப்பணுவைக் கூட்டுற தடைசெய்யப்பட்ட மருந்தான ஈ.பி.ஓ. போட்டதா 2007 மே மாசம் ரீஸ் தானே ஒத்துக்கிட்டார். போட்டி நடத்துறவங்க அவர் பெயரை எடுத்தாங்க, அடுத்த வருஷம் ஒரு குறிப்போட திரும்பச் சேர்த்துட்டாங்க. 1998 டூர் மாதிரிகளைப் பின்னாடி ஆராய்ச்சிக்காகச் சோதிச்சதுல பன்டானி, உல்ரிஷ் ரெண்டு பேருக்கும் ஈ.பி.ஓ. இருந்ததுன்னு 2013 ஜூலைல பிரெஞ்சு செனட் அறிக்கை சொல்லுது. மூணு பேர் பட்டமும் அப்படியே இருக்கு. 1999 முதல் 2005 வரைக்கும் ஏழு தடவை ஜெயிச்ச லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு மட்டும் மருந்துக் குற்றத்துக்காக 2012-ல ஏழும் போச்சு.

அவர் குற்றவாளி இல்லைன்னு நான் சொல்ல வரல. ஒரே மருந்து, ஒரே மலை, ஒரே தசாப்தம். எடுத்தா எல்லாரையும் எடுக்கணும். இல்லேன்னா எல்லாரையும் குறிப்போட வைக்கணும். இப்போ இருக்கிற பட்டியல் வரலாறும் இல்ல, நீதியும் இல்ல.

மஞ்சள்சட்டை:

மருந்து ஒன்றுதான், வழக்கு ஒன்றல்ல. ரீஸ் வாய் திறந்தபோது 1996 முடிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போதைய விதிப்படி எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்க முடியாது. பன்டானி, உல்ரிஷ் விஷயத்தில் 1998 மாதிரிகள் ஆராய்ச்சிக்காக மட்டுமே சோதிக்கப்பட்டன. முறைப்படி உறுதிசெய்ய இரண்டாவது மாதிரி இல்லாமல் யாருக்கும் தண்டனை தர முடியாது. ஆம்ஸ்ட்ராங்கின் 1999 மாதிரிகளில் ஈ.பி.ஓ. இருந்தது என்று 2005-இல் செய்தி வந்தபோதும் இதே காரணத்தால்தான் அவர் தப்பினார்.

2012-இல் அவரை வீழ்த்தியது சாட்சியம். கூடவே ஓட்டியவர்கள் சத்தியம் செய்து சொன்னார்கள், பணப் பரிமாற்றப் பதிவுகள் கிடைத்தன. மருத்துவர் மிகேலே ஃபெராரிக்குப் போன தொகை மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல். எட்டு ஆண்டு வரம்பை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான யுசாடா எப்படித் தாண்டியது என்பதைக் கவனியுங்கள். சத்தியப் பிரமாணத்தின் கீழ் பொய் சொல்லி, மோசடியாக மறைத்தவருக்கு அந்த வரம்பு பாதுகாப்புத் தராது என்றார்கள். அதனால்தான் 1998 ஆகஸ்ட் 1 முதல் எல்லா முடிவுகளும் ரத்தாயின. மற்றவர்களும் மருந்து போட்டார்கள். இவர் அணியினருக்கும் அதைக் கட்டாயமாக்கினார், உண்மை சொன்னவர்களை வழக்குப் போட்டு நசுக்கினார். தண்டனை வேறுபடுவதில் எனக்கு உறுத்தல் இல்லை.

கியர்பெட்டி:

சரி, சட்டப்படியே பேசுவோம். 2000, 2001, 2003 மூணு டூரிலும் ரெண்டாவது வந்தவர் உல்ரிஷ். 2012 பிப்ரவரில விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தப்போ 2005 மே மாசத்திலிருந்து வந்த முடிவுகளை மட்டும்தான் ரத்து பண்ணுச்சு. அப்போ அந்த மூணு வருஷமும் சட்டப்படி அவர்மேல கறை இல்ல. ஆம்ஸ்ட்ராங்கை எடுத்தா அடுத்த ஆள் மேல ஏறணும், அதுதானே விதி? உல்ரிஷ் இன்னிக்கு நாலு டூர் ஜெயிச்சவரா இருந்திருக்கணும். 2003-ல வித்தியாசம் வெறும் 61 நொடி. கப் டெகூவெர்த் டைம் ட்ரயல்ல, அதாவது ஒவ்வொருத்தரா தனியா நேரத்தோட போட்டி போடுற ஓட்டத்துல, அவர் ஆம்ஸ்ட்ராங்கை ஒரு நிமிஷம் 36 நொடி பின்னுக்குத் தள்ளினார்.

2010-ல மட்டும் ஏன் வேற விதி? அந்த வருஷம் ஜெயிச்ச கொன்டதோரை மருந்துக்காக நீக்கினதும் பட்டத்தை ரெண்டாவது வந்த ஆண்டி ஷ்லெக் கையில கொடுத்தாங்களே.

மஞ்சள்சட்டை:

இந்தக் கேள்வி நியாயமானது. சங்கடமான விடைதான் உண்டு. 2012 அக்டோபரில் சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. பட்டத்தை யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது சட்டத்தால் அல்ல, வெட்கத்தால். 1999-இல் இரண்டாமவர் அலெக்ஸ் ட்சூல்லே, அதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபெஸ்டினா அணியின் மருந்து விவகாரத்தில் ஈ.பி.ஓ.வை ஒப்புக்கொண்டவர். 2005-இல் இவான் பாஸ்ஸோ, பின்னாளில் ஆபரேசியோன் புவெர்த்தோ என்ற ஸ்பானிய ஊக்கமருந்து விசாரணையில் இரண்டு ஆண்டு தடை பெற்றவர். உல்ரிஷ் பற்றி நீங்களே அறிவீர்கள். அவர் பெயர் புவெர்த்தோவில் வந்தது, மரபணுச் சோதனையில் அங்கே கைப்பற்றிய ரத்தப் பைகள் அவருடையவை என்று உறுதியானது, 2013-இல் தானும் ஒப்புக்கொண்டார். பட்டத்தை யார் கையில் கொடுத்தாலும் அடுத்த வாரம் அதைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஆகவே காலியாக இருப்பது பிழையல்ல. அந்த ஏழு ஆண்டுகளில் உண்மையில் ஜெயித்தவர் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த வெற்றிடம் சொல்வது அதைத்தான்.

மலையேற்றம்:

எல்லாரும் போட்டாங்க, அதனால சம பலம், ஆம்ஸ்ட்ராங்தான் நிஜமாவே பெஸ்ட். இதை ஏன் ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?

சிவப்பணு:

ஏனென்றால் உடலியல் அதை ஒப்புக்கொள்ளாது. 1997-இல் யு.சி.ஐ., ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமடோக்ரிட்டுக்கு 50 சதவீத உச்சவரம்பு வைத்தது. ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்க அப்போது சோதனையே இல்லை. அது 2000 ஒலிம்பிக்ஸில்தான் வந்தது. ஆக அந்த 50 எல்லோரும் எட்டிப் பிடிக்கும் இலக்காக மாறிப்போனது. இயல்பிலேயே 41 உள்ளவர் 49-க்கு ஏறினால் சிவப்பணு அடர்த்தி ஏறக்குறைய 20 சதவீதம் கூடுகிறது. இயல்பிலேயே 47 உள்ளவருக்கு அதே 49 வெறும் 4 சதவீதம். ஆக்சிஜன் எடுக்கும் திறன் அதே விகிதத்தில் கூடாது, ஆனால் இருவருக்கும் கிடைக்கும் ஆதாயம் ஒன்றல்ல என்பது நிச்சயம். மருந்துக்கு உடல் இணங்கும் விதம், எந்த மருத்துவர், எவ்வளவு பணம், சோதனை வருவது முன்கூட்டியே தெரியுமா என்பதெல்லாம் இதற்கு மேல். மருந்தே இல்லாத ஒரு டூரில் முதலில் வந்திருக்கக்கூடியவர் அந்தக் காலத்தில் 15-ஆவது இடத்தில் இருந்திருக்கலாம், அணியில் இடமே கிடைக்காமலும் போயிருக்கலாம்.

ரத்தப் பை வந்ததும் நிலைமை இன்னும் மோசம். சொந்த ரத்தத்தையே எடுத்து, குளிரில் வைத்து, ஓய்வு நாளில் திருப்பி ஏற்றினால் சிறுநீரில் மருந்து எதுவும் இருக்காது. ஆனால் உடல் காட்டிக்கொடுக்கும். அணுக்கள் போதுமென்று எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துவிடும், ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணு சரியும். ஒரு வீரரின் ரத்த எண்களைத் தொடர்ந்து பதிவு செய்யும் பயாலஜிக்கல் பாஸ்போர்ட் பார்ப்பது இந்தச் சரிவைத்தான். கணக்கு எளியது: ஹீமோகுளோபின் அளவிலிருந்து, ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். லிட்டருக்கு 150 கிராம், 1 சதவீதம் என்றால் 150 − 60 = 90, சாதாரணம். 160 கிராம், 0.4 சதவீதம் என்றால் 160 − 38 = 122. அந்த எண்ணைப் பார்த்தால் எந்த நிபுணரும் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்று வாரப் போட்டியில் ரத்த நீர் கூடுவதால் ஹீமோகுளோபின் அடர்த்தி இயல்பாகவே இறங்க வேண்டும். மூன்றாம் வாரத்திலும் இறங்காமல் நின்றால் அதுவும் கேள்விக்குரியது. ஆம்ஸ்ட்ராங் 2009-இல் திரும்பி வந்து மூன்றாமிடம் பிடித்த டூரின் ரத்த எண்கள் இயற்கையாக அமைய பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்று யுசாடாவின் நிபுணர் கணித்தார். அவரோ 2009, 2010-இல் தான் சுத்தம் என்றே 2013 தொலைக்காட்சிப் பேட்டியிலும் சொன்னார். பாஸ்போர்ட் 2008-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்த எண்களைக் கொண்டு அப்போது வழக்கு வரவில்லை. மேடையில் நின்றிருக்க வேண்டிய பிராட்லி விக்கின்ஸ் பல ஆண்டுகள் கழித்துக் காகிதத்தில் மூன்றாமவர் ஆனார்.

மலையேற்றம்:

அப்போ அதே பார்வையை இன்னிக்கும் திருப்புங்க. 2024 ஜூலை 14, டூர்ல பிளாட்டோ டெ பெய் மலை. 15.8 கி.மீ., சராசரி 7.9 சதவீதச் சரிவு, அதாவது ஏறக்குறைய 1,250 மீட்டர் உயரம். 1998-ல பன்டானி ஏறினது சுமார் 43 நிமிஷம் 30 நொடி. அன்னிக்கு ஜெயிச்ச போகாச்சார் ஏறினது சுமார் 40 நிமிஷம். ஃபெராரியோட சூத்திரத்தையே போட்டுப் பாருங்க: மணிக்கு ஏறின மீட்டரை, 200 கூட்டல் சரிவு சதவீதத்தோட பத்து மடங்கால வகுக்கணும். போகாச்சாருக்கு 1,875-ஐ 279-ஆல வகுத்தா கிலோவுக்கு 6.7 வாட்ஸ். பன்டானிக்கு 1,724-ஐ வகுத்தா 6.2. ஈ.பி.ஓ. உச்சத்துல இருந்த காலத்தை எட்டு சதவீதம் தாண்டியாச்சு. அதுவும் ஒரு நாள் ஓட்டமான 197.7 கி.மீ. ஸ்டேஜோட கடைசி மலை. ஒரு நிமிஷம் 8 நொடி பின்னாடி வந்த விங்கேகோரும் பழைய சாதனையை ரெண்டு நிமிஷத்துக்கு மேல உடைச்சிருக்கார்.

அணி நிர்வாகத்தையும் பாருங்க. போகாச்சார் அணியோட தலைவர் மௌரோ ஜியானெத்தி, 2008-ல சௌனியே துவால் அணியை நடத்தினவர். அதோட வீரர் ரிக்கோ, ஈ.பி.ஓ.வோட புது வகையான செரா மருந்துல பிடிபட்டு, அந்த அணியே டூரை விட்டு வெளியேறுச்சு.

கியர்பெட்டி:

அணி வரலாறு சாட்சியம் ஆகாது. அந்த அளவுகோல்ல விங்கேகோர் அணியையும் விட முடியாதே. அது பழைய ராபோபேங்க் வழி வந்தது. 2007-ல முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோட இருந்த ரஸ்முசனை, எங்கே இருந்தேன்னு பொய் சொன்னதுக்காக அவங்களே போட்டியிலிருந்து வெளியேத்தினாங்க. போகாச்சார், விங்கேகோர் ரெண்டு பேருமே எந்தச் சோதனையிலும் பிடிபட்டதில்ல, எந்த வழக்கும் இல்ல. அதைச் சொல்லிட்டுத்தான் மேல பேசணும்.

உங்க கணக்குல இருக்கிற ஓட்டையும் சொல்றேன். அந்தச் சூத்திரத்துக்குக் காத்து தெரியாது, டயர் தெரியாது, முன்னாடி ஆள் இருக்காரான்னும் தெரியாது. சைக்கிள் எடை ஒரு கிலோ குறைஞ்சா மொத்த எடையில ஒன்றரை சதவீதம், இந்த மலையில 35 நொடி. டயர் உருளும் எதிர்ப்புக் கெழு 0.005-லிருந்து 0.003-க்கு இறங்கினா மணிக்கு 24 கி.மீ. வேகத்துல ஒன்பது வாட்ஸ் மிச்சம், சுமார் 50 நொடி. அந்த வேகத்துல காத்துக்கே ஐம்பது வாட்ஸ் போகுது. அடிவாரத்துல அணித்தோழர் ஜோர்கென்சன் விங்கேகோருக்காக முன்னாடி போய் இழுத்தார், அப்புறம் விங்கேகோரே முன்னாடி போனார், போகாச்சார் 5 கி.மீ. சொச்சம் மிச்சம் இருக்கிற வரைக்கும் அவர் முதுகுலதான் உட்கார்ந்திருந்தார். மணிக்கு 100 முதல் 120 கிராம் கார்போஹைட்ரேட் எடுக்கிற காலம் இது. அன்னிக்கு இவ்வளவு கிடையாது. அஞ்சாவது மணி நேரத்துல கால் காலியாகாம இருக்க அதுதான் காரணம்.

மலையேற்றம்:

நீங்க சொன்ன டயரையும் எடையையும் கூட்டினா 85 நொடி. வித்தியாசம் 210 நொடி. மிச்சம் ரெண்டு நிமிஷத்தைச் சாப்பாடும் முன்னாடி போறவரோட நிழலும் மூடிடும்னு நம்பச் சொல்றீங்க. அதுவும் இன்னிக்கு ஆள் மருந்தில்லாதவர், அன்னிக்கு ஆள் மருந்தோட இருந்தவர்னு வச்சுக்கிட்டு. நான் குற்றம் சாட்டல. கேள்வி இன்னும் முடியலைன்னுதான் சொல்றேன். பன்டானி மேல பரிதாபப்படுறவங்களும் இதை யோசிக்கணும். 1999 ஜூன் 5, மடோனா டி கம்பிலியோ, ஹீமடோக்ரிட் 52. இத்தாலியோட மூணு வாரப் போட்டியான ஜிரோ கையில வர ரெண்டே நாள் இருக்கும்போது வெளியேத்தினாங்க. அவரை முடிச்சுவைச்சது அந்த ஒரு எண். இன்னிக்கு யாரோட எண்ணும் வெளியில வர்றதில்ல. பாஸ்போர்ட் எண்களை வெளியிடட்டும், பேச்சே முடிஞ்சுது.

சிவப்பணு:

வெளியிட்டால் பேச்சு முடியாது. ஒருவரின் தனிப்பட்ட வரம்பு எங்கே நிற்கிறது என்பது தெரிந்தால், அதற்குக் கீழேயே விளையாட விரும்புபவனுக்கு வழிகாட்டி கிடைத்தது போலாகும். தவிர, ஆறு வாரம் உயரமான மலையில் பயிற்சி செய்தவனின் எண்களும் ஏமாற்றுபவனின் எண்களும் முதல் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எங்கே இருந்தான், நோய் வந்ததா, ரத்தம் எடுத்த நேரம் என்ன என்பதெல்லாம் இல்லாத வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் தீர்ப்பெழுதுவார்கள்.

நான் கேட்பது வேறு. இப்போது அளப்பது அடர்த்தியை. உடலிலுள்ள மொத்த ஹீமோகுளோபினை அளக்க வேண்டும். 66 கிலோ எடையுள்ள வீரருக்கு அது 900 கிராம் சுற்றி இருக்கும். ஒரு ரத்தப் பை 60 கிராம் சேர்த்தாலே ஆறு சதவீதத்துக்கு மேல், அளவீட்டுப் பிழையோ இரண்டு சதவீதம்தான். உப்பு நீர் ஏற்றியோ தண்ணீர் குடித்தோ அடர்த்தியை மறைக்கலாம், மொத்த ஹீமோகுளோபின் எடையை மறைக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், அதை அளக்கும் வழி சிறிதளவு கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வைப்பது. போட்டி நடுவே ஒரு வீரரை அதைச் செய்யச் சொல்ல முடியாது. 2024 டூரில் பெரிய அணிகள் இந்தக் கருவியை வைத்திருப்பது செய்தியானதும் எல்லோரும் பதறியதற்குக் காரணம் உண்டு. மலைப் பயிற்சி பலித்ததா என்று பார்க்க ஓரிரு முறை சுவாசிப்பது சோதனை, தினமும் சுவாசித்தால் அதுவே ரத்தம் கூட்டும் வழி. 2025 பிப்ரவரி 10 முதல் மருத்துவ வளாகத்துக்கு வெளியே அதை வைத்திருக்க யு.சி.ஐ. தடை போட்டது சரியான முடிவு.

மஞ்சள்சட்டை:

நம் கேள்விக்குத் திரும்பினால், இந்தச் சந்தேகத்தின் விலையை எப்போதும் இரண்டாமவர்தான் கொடுக்கிறார். கொன்டதோரிடம் 2010-இல் கிடைத்தது மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம் க்ளென்புட்டெரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து. இன்று இறைச்சியால் வந்திருக்கலாம் என்று விசாரிக்க உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா வைத்திருக்கும் வரம்பு 5 நானோகிராம் (5,000 பிக்கோகிராம்), அதாவது நூறு மடங்கு. இன்றைய விதியில் அதே முடிவு வந்திருக்குமா என்பது திறந்த கேள்வி. போர் டெ பலே மலையில் ஷ்லெக்கின் சங்கிலி கழன்றபோது கொன்டதோர் பெற்ற ஆதாயம் 39 நொடி, பாரிஸில் இறுதி வித்தியாசமும் அதே 39 நொடி. ஷ்லெக் பட்டத்தை 2012-இல் பெற்றார், சாலையில் அல்ல. ஒருவருக்கு வெற்றி குறைந்தது, மற்றவருக்கு அது நிறைவாகவும் இல்லை.

கியர்பெட்டி:

அதனாலதான் குறிப்போட வைக்கணும்னு கேக்கறேன். பெயரை அழிச்சா காரணமும் சேர்ந்து அழியுது. "ஆம்ஸ்ட்ராங், 2012-இல் நீக்கம், உல்ரிஷ், 2013-இல் ஒப்புதல்"னு ஒரு வரி இருந்தா, பார்க்கிறவனுக்கு எல்லாம் புரியும்.

மலையேற்றம்:

இன்னிக்கு ஜெயிக்கிறவங்களுக்கும் அதே வரி பின்னாடி வராதுன்னு யார் உத்தரவாதம்? மாதிரிகளைப் பத்து வருஷம் வைக்கலாம்தானே?

சிவப்பணு:

வைக்கலாம், 2024 டூர் மாதிரியை 2034 வரை திறக்கலாம். அதற்குப் பலனும் உண்டு. 2008-இல் சிறந்த மலையேற்ற வீரருக்கான மலை அரசர் ஜெர்சியும் மூன்றாமிடமும் பெற்ற பெர்ன்ஹார்ட் கோல், டூர் முடிந்தபின் ரத்த மாதிரியை மறுபடி சோதித்ததில்தான் செராவோடு சிக்கினார். ஆனால் புதிய மருந்தைப் பிடிக்கத்தான் அந்தச் சேமிப்பு உதவும். சொந்த ரத்தம் ஏற்றியதைப் பிடிக்க உயிருள்ள அணுக்கள் வேண்டும். உறைய வைத்தால் அவை உடைந்துபோகும், அதனால்தான் பாஸ்போர்ட் ரத்தத்தைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோய் ஓரிரு நாளில் எண்ணி முடிக்கிறார்கள். அன்று எண்ணாமல் விட்டதை 2034-இல் எண்ண முடியாது. ஓய்வு நாள் இரவும் அடுத்த நாள் காலையும் இரண்டு முறை ரத்தம் எடுக்க யு.சி.ஐ. பணம் ஒதுக்கட்டும், என் முதல் கோரிக்கை அதுதான்.