தக்காளி இலை சுருண்டதும் பிடுங்கப் போனேன்: உங்கள் அனுபவம் என்ன?

கோண்டாவிலிலிருந்து:
மார்கழியில் மழை ஓய்ந்ததும் கிணற்றடியில் 12 தக்காளிக் கன்று வைத்தேன். முதல் முறை. பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் நாலு கன்றின் இலை சுருண்டது. பசளை போதவில்லையாக்கும் என்று யூரியா போட்டேன். அள்ளிப் போட்டேன் என்பதுதான் உண்மை. ஒன்றும் நிமிரவில்லை.

பக்கத்து வளவுப் பெரியையா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சுருளுறது மேலிலையோ, கீழிலையோ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சுருண்டிருக்கிறது என்பதற்கு மேல் நான் எதையும் பார்த்திருக்கவில்லை. உள்ளே வந்து ஒரு கொழுந்தை விரலால் மெல்லத் திருப்பினார். அடியில் வெள்ளைப் பொட்டுகள். தட்டியதும் மாவைத் தூவினதுபோலப் பறந்தன. வெள்ளை ஈ! இரண்டு கன்றில் கொழுந்திலைகள் கிண்ணம்போல மேல்நோக்கிக் குவிந்து, சிறுத்து, விளிம்பு மஞ்சளித்து, பூவும் கொட்டியிருந்தது. அந்த ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் அது. மருந்தடித்து மாற்ற முடியாது. விடிய வெள்ளனப் பையால் மூடிப் பிடுங்கினேன், ஈ மற்றக் கன்றுக்குப் போகாமல்.

மற்ற இரண்டையும் பிடுங்கக் குனிந்தபோது கையைப் பிடித்துவிட்டார். அவற்றில் சுருண்டது கீழிலைகள் மட்டும். தொட்டால் தோல்போலத் தடிப்பு, ஆனால் பச்சை மாறவில்லை. வெய்யிலுக்கும், ஒருநாள் வெள்ளமாய் இறைத்து மூன்று நாள் மறந்துபோகும் என் பழக்கத்துக்கும் வந்த சுருள். மாசிக் கடைசியில் அந்த இரண்டும்தான் நன்றாகக் காய்த்தன.

உரும்பிராயிலிருந்து:
எங்கள் வீட்டில் பக்கக் கிளை கிள்ளுவது அப்பப்பா. வாயில் எப்போதும் சுருட்டு. இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாய் வந்தது. விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கிளையைக் காட்டினேன். தேமல் நோய் என்றார். வீட்டில் யார் புகைப்பது என்றுதான் அடுத்த கேள்வி! புகையிலையும் தக்காளியும் கத்தரிக் குடும்பம். காய்ந்த புகையிலையிலும் அந்த வைரஸ் சாகாமல் கிடந்து கைவழியே தொற்றும். அப்பப்பாவின் கையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது சவர்க்காரம் போட்டுக் கழுவித்தான் கன்றைத் தொடுகிறார். "என்னைக் கள்ளனாக்கிப் போட்டியள்" என்று புறுபுறுப்பு வேறு.

அளவெட்டியிலிருந்து:
எனக்குச் சுருளவில்லை, மஞ்சளித்தது. கொழுந்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கேத்தலில் சுண்ணாம்பு படிகிற தண்ணீரை ஊற்றினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இலையில் தெளிக்கும் இரும்புச் சத்து வாங்கி அடித்தேன், புதுத் தளிர் பச்சையாய் வந்தது. இதே கோலம் கீழிலையில் என்றால் அது மக்னீசியம், ஆளை மாற்றிப் பிடிக்காதீர்கள். கீழிலையில் வளையம் வளையமாய் மண்ணிறப் புள்ளி என்றால் பூஞ்சை. அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, தண்ணீரை அடியில் மட்டும் விடுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து:
என்னுடையது சுருளவுமில்லை, மஞ்சளிக்கவுமில்லை. காலையில் நன்றாய் நின்ற கன்று மத்தியானம் பச்சையாகவே தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழும்பவில்லை. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் பிடித்தேன். வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கியது. பக்டீரியா வாடல். கத்தரி, மிளகாய் எதுவும் அங்கே இனி வேண்டாம் என்றார்கள். அந்தப் பாத்தியில் இப்போது சோளம் நிற்கிறது.