மலையில இருந்து வர்ற பசங்க பாதியிலயே நின்னுடறாங்க, என்ன பண்ணலாம்?

அரூர்_கணக்கு:
வணக்கங்க. அரூர் பக்கம் ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன். சித்தேரி மலையில இருந்து வர்ற பிள்ளைங்க, அப்பா அம்மா பெங்களூருல கட்டட வேலைக்குப் போயிட்டதால பாட்டிகிட்ட வளர்ந்த பிள்ளைங்க, இவங்கதான் என் கிளாஸ்ல பாதி. ப்ளஸ் டூல நல்ல மார்க்தான். ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனா சில பேர் திரும்பி வர்றதே இல்ல. போன வாரம் ஒரு பொண்ணு "இந்த எடம் நமக்கில்ல சார்"னு சொல்லி அழுதுடுச்சு. எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல. நான் என்ன செய்யட்டும்?

பென்னாகரத்தான்:
சார், எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி. இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரமே ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் கிளாஸுக்குள்ள வந்து ஸ்காலர்ஷிப் வாங்கறவங்கல்லாம் எந்திரிங்கன்னாரு, ஒன்பது பேர் எந்திரிச்சோம், அன்னைக்கு ஆரம்பிச்சு நாலு வருஷமும் அந்த ஒன்பது பேரும் ஒரே பக்கமாத்தான் உக்காந்தோம். யாரும் எங்கள ஒதுக்கல, நாங்களே ஒதுங்கிட்டோம். ஸ்காலர்ஷிப்புக்கு சர்டிபிகேட் கேக்கணும்னா தனியா கூப்ட்டுக் கேளுங்க சார், அது போதும்.

பாலக்கோடு_அக்கா:
காசு விஷயத்தயும் பாருங்க தம்பி. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரை கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண்ல மாசம் 1000 ரூபா 2022ல இருந்து வருது, பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன் 2024ல வந்துச்சு. ஆனா பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைக்கலன்னா பணம் ஏறாது, இதுங்க யார்கிட்டயும் கேக்காது, பேசாம லீவ் போட்டுடும். எங்க ஹாஸ்டல்ல செகண்ட் இயர் பொண்ணுங்களயே இதுங்களுக்குத் துணையா அனுப்பி வெச்சோம், அதே ஊர்ப் பக்கத்துப் பொண்ணுன்னா வாயத் தொறந்து பேசுது.

தளி_மாணவன்:
சந்தேகத்த தமிழ்லயே கேக்கலாம்னு முதல் நாளே சொல்லிடுங்க சார். எங்க வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ். அஞ்சு மாசம் நான் வாயே தொறக்கல. அப்புறம் லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்காதீங்க, எங்க ஊருக்கு அந்த ஒரு பஸ்ஸ விட்டா வேற கெடையாது.

அரூர்_கணக்கு:
கடைசி வரி என்ன ரொம்ப குத்திடுச்சு தம்பி. அழுத பொண்ணு தெனமும் பத்து நிமிஷம் லேட், நானும் தெனமும் வாசல்ல நிக்க வெச்சிருக்கேன், எந்த பஸ்ல வர்றேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. நாளைக்கு முதல் பீரியட் என்னோடதுதான், கதவத் தொறந்தே வைக்கறேன்.